புழுதியான்

எவெலியோவின் ஸ்டூடியோவுக்கு ஒரு பிள்ளையை முதல் நற்கருணைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனால், அவன் அதன் உயிரை எடுத்துவிடுவான். முகவாயைப் பிடித்துத் திருப்புவான், முடியை ஒதுக்குவான், காலரை இழுத்துவிடுவான், "சிரி, பல்லு தெரியாம சிரி" என்று அதட்டுவான். அதே ஆள் ஓர் எறும்பின் முன்னால் பரம சாது. எறும்பைப் படம் எடுக்க அவனிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. தொடக் கூடாது. நகர்த்தக் கூடாது. ஊதக் கூடாது. அது எப்படி இருக்கிறதோ அப்படியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம். ஸ்டூடியோவில் படம் எடுப்பது வயிற்றுக்கு. பூச்சிகளை எடுப்பதுதான் அவனுக்கு வாழ்க்கை.

ஹுத்தியாப்பா என்ற ஊர்ப் பக்கம் எல் மொரரித்தோ கிராமத்தில் அவன் வீடு. மனைவி ஒதிலியாவின் அப்பா கட்டிக்கொடுத்த மண் வீடு, மேலே ஓடு. சுவரில் வெடிப்பு விட்டால் அக்கம்பக்கத்தார் சுண்ணாம்பு பூசுவார்கள். எவெலியோ அதற்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். பழைய கேமரா, அதில் லென்ஸை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் பசை போட்டு ஒட்டியிருப்பான். ஃபிளாஷ் வெளிச்சம் பூச்சியின் முகத்தில் அடிக்காமலிருக்க, சோளக்கஞ்சி விற்கிற வெள்ளைத் தெர்மோகோல் கப் ஒன்றை அடியில் ஓட்டை போட்டு மாட்டியிருப்பான். பார்ப்பதற்குக் குப்பை பொறுக்குகிறவன் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் அதில் விழுகிற படத்தில் சிலந்தியின் எட்டுக் கண்ணையும் எண்ணலாம்.

"ஊர்ல மத்த ஆம்பளைங்க பொம்பளைங்கள வெறிச்சுப் பாக்குறாங்க. என் ஆளு சுவத்த வெறிச்சுப் பாக்குறான்" என்பாள் ஒதிலியா. "இதுக்குச் சந்தோசப்படணுமா, ஒப்பாரி வைக்கணுமான்னே எனக்கு வெளங்கல."

அவன் படங்களுக்கு முதல் ரசிகை தாமரிஸ், ஐந்து வயது மகள். சாயங்காலம் அவன் கேமராவின் சின்னத் திரையில் அன்றைய படங்களைக் காட்டும்போது இரண்டே கேள்விதான் கேட்பாள். "நல்லா விழுந்துச்சா அப்பா?" என்பது முதல் கேள்வி. விழுந்தது என்று அவன் சொன்னதும், "எங்க இருந்துச்சு? காட்டு" என்று இரண்டு கையையும் மேலே தூக்குவாள். அவன் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டுவான். கதவு மூலை, தண்ணீர்த் தொட்டியின் ஓரம், கொய்யா இலையின் அடிப்பக்கம். பூச்சி போயிருக்கும். ஆனாலும் அந்த இடத்தைப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

மழை ஓய்ந்த நவம்பரில், ஊரார் மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் எலூவியா பூச்சி மருந்தடிக்க வந்தாள். முதுகில் டப்பா, தலையில் தொப்பி, ஐம்பது வயதைத் தாண்டியும் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்குகிற கால். சுகாதாரத் துறையில் மருந்தடிக்கிற குழுவில் இந்தக் கிராமங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து ஆட்டிக் காட்டினாள். உள்ளே காய்ந்துபோன ஒரு பூச்சி கலகலத்தது. கறுப்பு உடம்பு, ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை, கட்டைவிரல் கணு நீளம். சிஞ்சே. அந்தப் பக்கத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. தூங்குகிறவர்களின் ரத்தத்தைக் குடிக்கும், குடித்த இடத்திலேயே கழிந்துவிட்டுப் போகும். அந்தக் கழிவு சொறிந்த தோல் வழியாகவோ கண் வழியாகவோ உள்ளே போனால், அதிலிருக்கிற கிருமி சத்தமே போடாமல் போய் இதயத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"இந்தச் சனியன் உங்க வீட்டுல இருக்கா, தொன் எவெலியோ?"

"தோன்யா, இந்த வீட்டுல எத்தன சிலந்தி இருக்கு, எது எங்க தூங்குதுன்னு கேளுங்க, விரல் விட்டுச் சொல்றேன். இந்தக் கழுத இங்க இல்ல."

"பெருசு கண்ணுல படும். குஞ்சு படாது."

"என் கண்ணுல படாத சின்னதா?" என்று எவெலியோ சிரித்தான்.

கர்வம்தான், வேறென்ன சொல்வது? ஆனால் அதை வெறும் கர்வம் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த மருந்து ஒரு தடவை அடித்தால் மாதக்கணக்கில் சுவரில் ஒன்றும் ஊராது. அவன் பேர் வைத்து வளர்த்த குதிக்கும் சிலந்திகள், ஜன்னலில் மண்கூடு கட்டுகிற குளவி, எல்லாம் ஒரே நாளில் தரையில் மல்லாந்து கிடக்கும். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டதைக் கொல்ல அவனுக்குக் கை வரவில்லை.

"அடிச்சுட்டுத்தான் போகட்டுமேயா" என்று அடுப்படியிலிருந்து ஒதிலியா சொன்னாள்.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாதா?"

பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. ஒதிலியா கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருந்தால் அவன் இறங்கி வந்திருப்பான் என்று பிற்பாடு அவள் நினைத்து நினைத்து அழுதாள். மருந்து வேண்டாம் என்று எழுதியிருந்த தாளில் எவெலியோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எலூவியா தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஜனவரியில் ஒருநாள், தாமரிஸின் கட்டிலுக்குப் பின்னால் சுவரிலிருந்த ஒரு மண் துகள் நடந்தது.

எவெலியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். துவரம்பருப்பு அளவு. உடம்பு முழுக்கப் புழுதியை அப்பிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. நகர்ந்தால் பூச்சி, நின்றால் சுவர். தாமரிஸுக்குக் காட்டினான். "அய்ய, குளிக்காத பையன்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புழுதியான் என்று பெயர் வைத்தாள்.

என்ன பூச்சி என்று எவெலியோ தேடாமல் இல்லை. தூசியைப் பூசிக்கொண்டு பதுங்கியிருந்து மற்றப் பூச்சிகளைக் குத்தித் தின்னும் வேட்டைப் பூச்சி ஒன்று உண்டு. அதன் குஞ்சு இதே மாதிரிதான் இருக்கும் என்று படித்தான். மனிதர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வீட்டுக்குக் காவல் என்றே சொல்லலாம். அதையே முகநூலில் எழுதிப் படத்தையும் போட்டான். அவனைப் போலப் பூச்சிப் பைத்தியம் பிடித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்களே, அவர்கள் எல்லாரும் ஆமாம், ஆமாம் என்றார்கள். புழுதியின் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரிகிறது என்று பாராட்டினார்கள். எவெலியோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

லென்ஸில் தூசி விழுந்தால் ஊதித் தள்ள ஒரு ரப்பர் குமிழ் அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அது புழுதியானுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, தினமும். ஆனால் அந்தப் புழுதிதானே படமே. அவன் ஊதவில்லை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி விடிந்தும் விடியாமலும், அவன் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே சிறந்த படம் விழுந்தது. புழுதியான் அன்று ஏதோ நன்றாகச் சாப்பிட்டிருந்தான். வயிறு உருண்டு திரண்டு, மேலே அப்பியிருந்த மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு நடுவே கருஞ்சிவப்பாக ஒரு பளபளப்பு. பக்கத்துக் கட்டிலில் தாமரிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபிளாஷ் அவள் முகத்தில் படக் கூடாதே என்று கையால் மறைத்துக்கொண்டு எடுத்தான். எந்தக் கம்பளிப்பூச்சியை முடித்தானோ என்று நினைத்துக்கொண்டு, 'வேட்டை முடிந்தது, விருந்தும் முடிந்தது' என்று எழுதிப் போட்டான். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு ஸ்டூடியோ ஜன்னலில் மாட்டினான். சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்து, என்ன அழகான கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பத்து நாள் கழித்துத் தாமரிஸின் வலது கண் வீங்கியது.

வலியில்லை. அதுதான் விசித்திரம். இமை இரண்டும் ஊதா நிறத்தில் உப்பி மூடிக்கொண்டன, ஆனால் தொட்டால் அவள் கத்தவில்லை. குளவி கொட்டியிருக்கும் என்றான் எவெலியோ. ஒதிலியா மன்சானில்லா என்ற மூலிகைப் பூவைக் கொதிக்கவைத்து ஒற்றடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணேறு என்று முட்டையால் தடவி, அதைத் தண்ணீரில் உடைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மருந்துக் கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். வீக்கம் வற்றுகிற மாதிரி இருந்தது, காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மறுபடி வந்தது. தாமரிஸ் கோழிகளைத் துரத்துவதை நிறுத்தினாள். சாயங்காலம் படம் காட்டினால் பார்ப்பாள், கை தூக்க மாட்டாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு எலூவியா வந்தாள். முதுகில் டப்பா இல்லாமல், காதில் தோடு போட்டுக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு வந்தவள் ஜன்னல் முன்னால் நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க தோன்யா. இன்னிக்கு ராணி மாதிரி இருக்கீங்க."

அவள் வரவில்லை. கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"இது எந்த வீட்டுல எடுத்தது?"

"எங்க வீட்டுலதான்" என்றான் எவெலியோ, பெருமையாக. "வேட்டைப் பூச்சிக் குஞ்சு. பாப்பா கட்டிலுக்குப் பின்னால. எப்படி விழுந்திருக்கு பாருங்க."

எலூவியா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் எவெலியோவுக்குப் பரவாயில்லை என்றிருக்கும்.

"ஊதிப் பாத்தீங்களா?"

"ஊத மாட்டேன். புழுதி போயிட்டா அப்புறம்..."

"வேட்டைப் பூச்சிக்கு மூக்கு வளைஞ்சிருக்கும், தொன் எவெலியோ. கொக்கி மாதிரி. இதுக்கு நேரா இருக்கு பாருங்க, ஊசி மாதிரி. வீட்டுக்குப் போங்க. ஒண்ணப் புடிச்சு ஊதிப் பாருங்க." கண்ணாடியிலிருந்து விலகி, "பாப்பா நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

எவெலியோ ஸ்டூடியோக் கதவைக்கூடச் சாத்தவில்லை. மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினான், வழியில் யார் கை காட்டினார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தாமரிஸை ஒதிலியாவின் மடிக்கு மாற்றிவிட்டுக் கட்டிலை இழுத்தான். புழுதியான் ஒன்றல்ல. வெடிப்புக்குள் ஏழெட்டு இருந்தன. ஒன்றை வெள்ளைத் தட்டில் தட்டிவிட்டான். மூன்று சட்டங்களையும் வாழ்க்கையில் முதல் தடவையாக மீறினான். சட்டைப் பையிலிருந்த ரப்பர் குமிழை எடுத்து அழுத்தினான்.

ஒரு ஊதலில் முதுகுப் புழுதி போனது. இரண்டாவதில் வயிற்றுப் புழுதி. மூன்றாவது ஊதலுக்குப் பிறகு தட்டில், வெளிறிய பழுப்பு உடம்பும் நீண்ட தலையுமாக, தலைக்கடியில் மடித்து வைத்த நேரான ஊசியோடு அது நின்றது. அவ்வளவு நாளும் உடுத்தியிருந்த துணியை யாரோ உருவிவிட்டது போலக் கொஞ்ச நேரம் திகைத்து, பிறகு ஓடப் பார்த்தது.

"இதுவா?" என்றாள் ஒதிலியா.

"இதுதான்."

அவள் கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள், தன்னை அடிக்கக்கூடச் செய்வாள் என்று எவெலியோ எதிர்பார்த்தான். அவளோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சால்வையை எடுத்துக்கொண்டு, வாசலில் போய் நின்றாள். "வண்டிய எடு" என்றாள்.

சுகாதார நிலையத்தில் டாக்டர் இளைஞர். தாமரிஸின் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இமையைத் தூக்கிப் பார்த்தார். கண் எப்போது வீங்கியது, பூச்சி எப்போது கடித்திருக்கலாம் என்று கேட்டார். எல்லாத் தகப்பன்களும் இந்த இடத்தில் தெரியாது டாக்டர் என்றுதான் சொல்வார்கள். எவெலியோவுக்குத் தெரிந்திருந்தது. கேமராவில் தேதி இருந்தது, மணியும் நிமிடமும் இருந்தன. பிப்ரவரி பதினொன்று, காலை ஐந்து நாற்பத்திரண்டு. திரையில் அந்த வயிறு பளபளத்தது. அது எந்தக் கம்பளிப்பூச்சியும் இல்லை, தன் மகளின் ரத்தம் என்று அவன் வாயால் சொல்ல முடியவில்லை. கேமராவை டாக்டரிடம் நீட்டினான். அவர் பார்த்து, தேதியைத் தாளில் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தாமரிஸ் கொஞ்சம்தான் அழுதாள். பரிசோதனைக் கூடத்தில் இருந்த ரோசிபெல் அரை மணி நேரம் நுண்ணோக்கியை விட்டுத் தலை எடுக்கவில்லை. எடுத்தபோது டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"மாத்திரை அறுபது நாள் சாப்பிடணும்" என்றார் டாக்டர். "சின்னப் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் கேக்கும். சீக்கிரமா வந்துட்டீங்க, அது நல்லது. ஆனா துடிப்பு வேகமா இருக்கு. இதயத்துக்குள்ள எவ்வளவு போயிருக்குன்னு என்னால இப்பச் சொல்ல முடியாது."

"எப்பச் சொல்ல முடியும்?" என்று எவெலியோ கேட்டான்.

"சில பேருக்கு மாசக்கணக்குல தெரியும். சில பேருக்கு ஒண்ணுமே ஆகாது. சில பேருக்கு இருபது வருசம் கழிச்சுத் தெரியும்."

இருபது வருடம். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒவ்வொரு முறை அவள் படியேறி மூச்சு வாங்கும்போதும் தான் அருகில் நின்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று எவெலியோவுக்கு உறைத்தது. உள்ளே போன அந்தக் கிருமியைத் தொடவும் முடியாது, நகர்த்தவும் முடியாது, ஊதித் தள்ளவும் முடியாது. பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

அப்போதுதான் ரோசிபெல் தயங்கித் தயங்கி அவனிடம் வந்தாள்.

"நீங்கதானே பூச்சிப் படம் எடுக்குறவரு? கேக்கவே சங்கடமா இருக்கு. மாத்திரை தலைநகரத்துல இருந்து வரணும். ரத்தம் தடவின கண்ணாடிச் சில்ல அனுப்பினா நாளாகும். படம் அனுப்பினா இப்பவே பாத்துட்டு, நாளைக்கு வர்ற வண்டியிலயே மருந்த ஏத்திடுவாங்க. என் போன்ல எடுத்தா வெறும் மங்கலா விழுது."

அவன் எழுந்து போனான். வேறென்ன செய்வான்? பசையைப் பெயர்த்து லென்ஸைக் கழற்றினான். அடியில் ஓட்டை போட்ட அந்தத் தெர்மோகோல் கப்பை நுண்ணோக்கியின் குழாயில் கவிழ்த்தான். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அதன் மேல் கேமராவை வைத்துப் பார்த்தான்.

வெளிறிய வட்ட வட்டமான ரத்த அணுக்களுக்கு நடுவே, நூல் துண்டு மாதிரி ஒன்று துள்ளியது. அதன் ஓரத்தில் மெல்லிய சவ்வு ஒன்று அலையலையாக நெளிந்தது. அது முட்டிய இடத்திலெல்லாம் அணுக்கள் விலகி வழிவிட்டன. தாமரிஸின் அணுக்கள். முதல் படம் ஆடிப்போனது. இரண்டாவதும் ஆடிப்போனது. எட்டாவதோ ஒன்பதாவதோ எடுக்கும்போது, அவனைக் கேட்காமலே பழைய பழக்கம் வந்து உட்கார்ந்தது. மூச்சு தானாக நின்றது, விரல் தானாகக் காத்திருந்தது. அது உடம்பை வளைத்துத் திரும்பிய கணத்தில் அழுத்தினான்.

படம் கண்ணாடி போல விழுந்திருந்தது. அந்தச் சவ்வின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. ரோசிபெல் தன்னை மறந்து "அடேயப்பா" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அதைவிட, அந்தப் படத்தைப் பார்த்ததும் தன் மனதுக்குள்ளும் ஒரு மூலையில் அதே சத்தம் எழுந்ததுதான் எவெலியோவைக் கொன்றது. தன் விரலை வெட்டிப்போட வேண்டும் போல இருந்தது.

ரோசிபெல் படத்தை அனுப்பப் போனாள். அவன் வெளியே வந்தான். பெஞ்சில் ஒதிலியா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் படுத்திருந்த தாமரிஸ், அப்பாவையும் கழுத்தில் தொங்கிய கேமராவையும் பார்த்ததும் மெல்ல இறங்கி நடந்து வந்தாள். ஒரு கண் திறந்திருந்தது, இன்னொரு கண் பாதி.

"நல்லா விழுந்துச்சா அப்பா?"

"விழுந்துச்சு கண்ணு."

"காட்டு."

அவன் தயங்கினான். அவள் எட்டிக் கேமராவை இழுத்துத் தானே பார்த்துக்கொண்டாள். எத்தனையோ நாளாகக் காணாத சிரிப்பு ஒன்று அவள் முகத்தில் வந்தது.

"வாலு ஆட்டுது" என்றாள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். "எங்க இருந்துச்சு? காட்டு."

எவெலியோ அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், அந்தக் கூடத்தின் நடுவிலேயே நின்றான்.